ஸ்டார் தொங்காத வீடு

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் எது கிறிஸ்தவ வீடு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பால்கனியில் காகித ஸ்டார் ஒன்று தொங்கும், உள்ளே பல்பு எரியும். சேலையூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முன்பெல்லாம் மாதம் பிறந்ததுமே கணவர் ஸ்டூல் போட்டு ஏறி, கொக்கியில் ஸ்டாரை மாட்டி, வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துவிடுவார். மகளுக்கு ஐந்து வயதான அந்த டிசம்பரில் அதைப் பரணிலிருந்து இறக்கவே இல்லை. காற்றில் ஸ்டார் ஆடும்போது சுவரில் வெளிச்சப் புள்ளிகள் ஓடும். அவளால் அதைத் தாங்க முடியாது. கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவாள்.

ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது அவளுடைய மூன்றாவது வயதில். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விட்டேன். அந்தச் சொல்லை நானும் கணவரும் வீட்டுக்குள் மட்டும்தான் சொல்வோம், அதையும் தாழ்ந்த குரலில். சர்ச்சில் யாராவது கேட்டால் "பேச்சு கொஞ்சம் லேட்டு" என்போம். கணவரின் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிற வரன்களில் பாதி எங்கள் சபைக்காரர்கள், மீதிப் பாதி அவர்களுக்குத் தெரிந்தவர்கள். "அவ கல்யாணம் முடியட்டும். அப்புறம் மைக் வச்சு வேணும்னாலும் சொல்லு" என்பார் கணவர். அதில் நியாயம் இல்லை என்று எனக்குத் தோன்றும். இருக்கிறது என்றும் தோன்றும். ஆராதனை நடக்கும் நேரம் முழுவதும் மகளால் உட்கார முடியாததால் சர்ச்சுக்குப் போவதும் மெல்ல மெல்ல நின்றுபோயிருந்தது.

ஸ்டார் இறக்காத அந்த டிசம்பருக்கு முந்தைய கிறிஸ்துமஸை நான் மறக்கவே முடியாது. அந்த வருடமும் வழக்கம்போல சர்ச் வாலிபர் சங்கத்தார் வேனில் ஏறி வீடு வீடாக கேரல் பாடிக்கொண்டு வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர், கிதார், ஜால்ரா, பிளாஸ்டிக் முகமூடி போட்ட ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா, எல்லாவற்றுக்கும் முன்னால் பெரிய ட்ரம். மாடிப்படியின் குறுகிய சுவர்களுக்குள் அந்த ட்ரம்மை அடித்தபோது எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. மகள் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டே கட்டிலுக்கு அடியில் போனாள். வெளியே எடுத்தபோது கையில் ரத்தம். அப்போது அவளிடம் மூன்று சொற்கள் இருந்தன: பால், வா, ட்ரெயின். ட்ரெயின் என்பதை அழகாக இழுத்துச் சொல்வாள். பொங்கலுக்குள் அந்த மூன்றும் போய்விட்டன.

ட்ரம்மால்தான் போயின என்று நான் சொல்ல மாட்டேன். பம்மலில் ஒரு சந்துக்குள் இருக்கும் பயிற்சி மையத்தில் மகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற மேடமும் அப்படிச் சொல்லவில்லை. "அது வேற காரணமாவும் இருக்கலாம்மா. நமக்குத் தெரியாது" என்றார். அவர் என்னைவிடச் சின்னப் பெண். ஆனாலும் எனக்கு மேடம்தான். தெரியாது என்று அவர் சொன்னது ஆறுதலாகவும் இருந்தது, தூக்கத்தைக் கெடுக்கவும் செய்தது. அன்று கதவைத் திறந்தது நான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடாமல் தட்டில் கேக்கை அடுக்கிக்கொண்டிருந்ததும் நான்.

அதன் பிறகு நெடுநாள் அவளிடம் சொல் எதுவும் இல்லை. மேடம் புதிதாக ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தார். பால் இல்லை, அம்மாகூட இல்லை. போதும் என்பதுதான் அந்தச் சொல்.

"நிறுத்தச் சொல்ல வழி தெரியாததாலதான் கையைக் கடிக்கறா. அந்த வழியைக் குடுப்போம்" என்றார். ஊஞ்சல் ஆட்டும்போது, சோப்பு நுரை ஊதும்போது, சோறு ஊட்டும்போது, அவள் முகம் திரும்பியதுமே நாங்கள் "போதும்" என்று சொல்லி நிறுத்துவோம். ஆயிரம் முறை நாங்கள் சொன்ன பிறகு ஒருநாள் அவள் சொல்வாள் என்பது நம்பிக்கை. ஒரு நிபந்தனையும் வைத்தார். "அவ போதும்னு சொன்னா எதுவா இருந்தாலும் நிறுத்தணும். ஒரு தடவைகூட மீறக் கூடாது. ஒரு தடவ சொல்லி வேலை செய்யலைன்னா, அந்த வார்த்தை எதுக்குன்னு விட்டுடுவா."

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் அவள் அதைச் சொன்னாள். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பின்னி முடித்து மறுபக்கம் சீப்பை வைத்ததும், "போதும்" என்றாள். குரல் கரகரப்பாக, பெரிய மனுஷி குரல் போல இருந்தது. நான் சீப்பைக் கீழே போட்டுவிட்டேன். பாதித் தலையோடு அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பம்மலுக்குக் கூட்டிப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி, "இன்னாம்மா, அந்தப் பக்கம் மறந்துட்டியா?" என்றார். "ஆமாங்க, மறந்துட்டேன்" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் பொய் சொன்னதே இல்லை.

ஆனால் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அதை அவள் என்னிடமும் மேடமிடமும் மட்டும் சொன்னாள். அப்பாவிடம்கூட இன்னும் சொன்னதில்லை. டிசம்பர் நெருங்க நெருங்க எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. ட்ரம் மறுபடி வரும். இந்த ஒன்றும் போய்விட்டால்?

மையத்தின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாக்கள் காத்திருப்போம். கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மகனைக் கூட்டி வருகிற ஒரு பெண் எனக்குப் பழக்கமானாள். மீன் வியாபாரம். எங்களில் யார் பெரியவர் என்று தெரியாததால் ஒருவரையொருவர் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டோம்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது?" என்று கேட்டாள். ட்ரம் விஷயத்தைச் சொன்னேன்.

"அதச் சொல்ற. எம் புள்ள மீன் ஏலம் வுடுறவன் கத்துனா போட்டுக்கு அடியில பூந்துக்குவான். இழுத்து வெளிய வுட நாலு ஆளு வோணும். நீ ஒண்ணு பண்ணு. அன்னிக்கு வூட்டப் பூட்டிகினு எங்கூட்டுக்கு வந்துடு. அலை சத்தம் மட்டுந்தான்."

"அலைச் சத்தமும் அவளுக்கு ஆகாது அக்கா."

"பேஜாராப் போச்சே. அப்ப உங்க சாமியாண்ட சொல்லிடு, அடுத்த தபா ஜூன் மாசத்துல பொறக்கச் சொல்லி. இஸ்கூல் தொறக்குற அவசரத்துல எவனும் மோளம் அடிக்க மாட்டான்."

சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

கேரல் ஏற்பாடுகளைப் பார்ப்பவர் வாலிபர் சங்கச் செயலாளர். ஐம்பதைத் தாண்டியும் வாலிபர் சங்கத்தை விடாதவர். எல்லாருக்கும் அண்ணா. அவருக்கு போன் செய்தேன்.

"ஸ்தோத்திரம்மா. ரொம்ப நாளா ஆளையே காணோம்."

"ஸ்தோத்திரம் அண்ணா. கேரல் விஷயமா ஒண்ணு கேக்கணும். இந்த வருஷம் எங்க வீட்டுக்கு வரும்போது ட்ரம் வேண்டாம்."

"ட்ரம் இல்லாமயா? பசங்க அதுக்காகத்தானேம்மா வர்றாங்க."

"தாத்தா வேஷமும் வேண்டாம் அண்ணா. கூட்டமா இல்லாம கொஞ்சம் பேரா வாங்க. ஒரு பாட்டு, மெதுவா. நாங்க ஸ்டாரும் போடல இந்த வருஷம். சாயங்காலமே வந்துட்டா நல்லது."

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "அப்படியாம்மா. சரி. நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவரே மகளைப் பார்த்து ஊகித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை நாள் மனிதர்களைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது. அன்று கணவர் ஒரகடத்துக் கம்பெனியிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"காரணம் சொல்லலையே?"

"இல்ல. அவரும் கேக்கல."

"கேக்கலையா?" என்றார் சந்தேகமாக. பிறகு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மேடம் சொன்னபடி மகளைத் தயார் செய்தேன். ஒரு கதவு, நிற்கிற மனிதர்கள், பாடுகிற வாய், கேக், மறுபடி மூடிய கதவு என்று படங்கள் வரைந்து தினமும் வரிசையாகக் காட்டினேன். போனில் ஒரு பாட்டை மிகச் சன்னமாக வைத்துக் கேட்கவைத்தேன். அதிகமாகக் காட்டிவிட்டேனோ, குறைவாகக் காட்டினேனோ, படத்தில் வாய் பெரிதாகிவிட்டதோ என்று ஒவ்வொன்றிலும் குழப்பம்.

அவர்கள் வந்த அன்று மத்தியானம் வரை மழை. தெருவில் தண்ணீர் நின்றது. இருட்டத் தொடங்கும் நேரத்தில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தாத்தா வேஷம் போட்டவன் முகமூடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தான். ட்ரம்மின் மேல் ஒரு போர்வை. ஆறேழு பேர் மட்டும் இறங்கிச் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் படியேறினார்கள். நான் கேட்டதற்கு மேலேயே செய்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன்.

உள்ளே வந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் முந்தானையால் தலையை மூடியிருந்தார்கள். பாடகர் குழுவில் இருக்கும் ஒரு அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். அண்ணா கணவரின் தோளில் கை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். கணவர் என்னைப் பார்த்தார். நான் கேக் தட்டை நீட்டினேன். "இருக்கட்டும்மா. இந்த வீட்ல இப்ப சாப்பிடறது முறையில்ல" என்று அந்த அக்கா தட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

அது எனக்கு உறைக்கவில்லை. என் கவனம் முழுக்கத் திரைக்குப் பின்னால் நின்ற மகள்மேல் இருந்தது.

பாடினார்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல் அடங்கிய குரலில், மெதுவான ஒரு பாட்டு. மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். காதைப் பொத்தவில்லை. அவர்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர்களுடைய ஈரக் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு லேசாக முன்னும் பின்னும் ஆடினாள். எனக்கு அழுகை வந்தது. அது சந்தோஷ அழுகை. அந்த அக்கா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பாட்டு முடிந்தது. "ஜெபம் பண்ணுவோம்" என்றார் அண்ணா. எல்லாரும் கண்ணை மூடினோம்.

"ஆண்டவரே, இந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பை நீர் அறிவீர். இந்த வருஷம் பண்டிகை இல்லாமல், விளக்கு இல்லாமல் இருக்கிற இந்த வீட்டை நீர் பார்க்கிறீர். பிரிவின் துக்கத்தில் இருக்கிற இவர்களைத் தேற்றும்…"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடத்தில் சாவு விழுந்த வீட்டில் ஸ்டார் தொங்காது. கேரல் போகிறவர்கள் அந்த வீட்டுக்கு முன்னால் ட்ரம்மை மூடிவிடுவார்கள். தாத்தா உள்ளே வர மாட்டார். சில பேர் மட்டும் போய் மெதுவான ஒரு பாட்டுப் பாடி, ஜெபித்து, எதுவும் சாப்பிடாமல் திரும்புவார்கள். என் மகளுக்காக நான் வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொன்றும் அந்த வழக்கத்தில் அப்படியே இருந்தது. சின்ன வயதில் நானே அப்படிப்பட்ட வீடுகளில் முந்தானையால் தலையை மூடிய அம்மாவின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எப்படித் தோன்றாமல் போயிற்று?

கண்ணைத் திறந்தேன். கணவரும் திறந்திருந்தார். மற்றவர்கள் எல்லாரும் கண்ணை மூடி நிற்க, நடுவில் எங்கள் குழந்தை உட்கார்ந்திருந்தது. உயிரோடு இருக்கிற குழந்தை. அவளுக்காகத்தான் இந்தத் துக்க ஜெபம் நடக்கிறது என்பது போல ஒரு கணம் எனக்குத் தோன்றியது.

அண்ணாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு வரிக்கும் எல்லாரும் சேர்ந்து ஆமென் என்றார்கள். மகளின் ஆட்டம் வேகமாயிற்று. மணிக்கட்டு வாய்க்குப் போயிற்று. பல் படும் முன் நிறுத்தினாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "போதும்" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. ஜெபம் தொடர்ந்தது.

"போதும்" என்றாள் மறுபடி, சற்று உரக்க. கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை.

ஜெபத்தின் நடுவே பேசக் கூடாது என்பது எனக்கு எழுத்துப் படிக்கும் முன்பே சொல்லிக்கொடுக்கப்பட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் ஆமென் சொல்லாமல் கண் திறக்க மாட்டோம். பெரியவர் ஒருவர் ஜெபிக்கும்போது அவரை நிறுத்திய ஆளை நான் கண்டதில்லை. இன்னும் ஒரு நிமிடத்தில் அவரே முடித்துவிடுவார், பொறுக்கலாமா என்று பார்த்தேன். அவள் கை மறுபடி வாயை நோக்கிப் போனது. ஒரு தடவைகூட மீறக் கூடாது.

"அண்ணா, போதும்" என்றேன். நான் துக்கம் தாளாமல் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். குரலை இன்னும் கனிவாக்கிக்கொண்டு தொடர்ந்தார். நான் போய் அவர் கையைத் தொட்டேன்.

"போதும் அண்ணா. நிறுத்துங்க."

நிறுத்தினார். ஆமென் இல்லாமல். எல்லாரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். மகள் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"இங்க யாரும் சாகல" என்றேன்.

"அப்ப ஸ்டார்… ட்ரம்…"

"இவளுக்காகத்தான். சத்தம் தாங்க மாட்டா. இவளுக்கு ஆட்டிசம்." கணவரின் பக்கம் நான் திரும்பவில்லை.

அந்த அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "நாங்க உங்க மாமனார்னு நெனச்சோம்மா. ஊர்ல இருக்கார், உடம்பு சரியில்லன்னு முன்ன சொன்னீங்களே."

"அப்பா நல்லா இருக்காரு" என்றார் கணவர் வறண்ட குரலில். "காலைலதான் போன்ல என்னைத் திட்டினாரு."

பின்னால் நின்ற இளைஞன் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ அவனை இடித்தார்கள். "அப்ப கேக் எடுத்துக்கலாந்தானே அண்ணா?" என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். அண்ணா முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அவரே முதல் துண்டை எடுத்தார். "மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். கிளம்பும்போது அந்த அக்கா என் காதருகே குனிந்து, எண்ணெய் பூசி ஜெபிக்கிற ஊழியக்காரர் ஒருவர் பல்லாவரத்தில் இருப்பதாகவும், இதைவிட மோசமான பிள்ளைகளெல்லாம் அங்கே சரியாகியிருப்பதாகவும் சொன்னார். கணவருக்கும் அது கேட்டது.

கதவைச் சாத்தியதும் அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும். தங்கச்சிய ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தியா?"

"பாப்பா நிறுத்தச் சொன்னா."

"ஜெபத்தையா?"

"எதுவா இருந்தாலும்னு மேடம் சொன்னாங்க."

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். செய்தது சரியா என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. நாத்தனார் முகம் கண்ணில் வந்தது. அவள் என்னிடம் ஒருநாளும் கடுமையாகப் பேசியதில்லை.

அப்போது ட்ரம் அடிக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டில் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து அடிப்பது போல அடுத்த தெருவில் அடித்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூடத்துக்கு ஓடி வந்தேன். மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். கட்டிலுக்கு அடியில் போகவில்லை. நேரே அவள் அப்பாவிடம் போய், அவர் முழங்காலில் நெற்றியை முட்டி, "போதும்" என்றாள்.

அவரிடம் அவள் சொன்ன முதல் சொல் அது.

அவர் ஜன்னலைச் சாத்தினார். சத்தம் குறையவில்லை. "போதும்" என்றாள். கதவைச் சாத்தினார். "போதும்." அவர் என்னைப் பார்த்தார். என்னிடமும் வழி இல்லை. ஒரு தெருவின் கிறிஸ்துமஸை நாங்கள் எப்படி நிறுத்துவது?

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். நான் அவள் காதுகளின்மேல் என் கைகளையும் வைத்து அணைத்துக்கொண்டு நின்றேன். ட்ரம் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு பாட்டின் நடுவில், ஒரு வரி முடிவதற்குள், நின்றது. அதற்கப்புறம் குரல்கள் மட்டும் கேட்டன.

அவர் திரும்பி வந்தபோது கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. அங்கே போய் என்ன சொன்னார், ஆட்டிசம் என்ற சொல்லைச் சொன்னாரா, யார் யார் இருந்தார்கள் என்று எதையும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய தங்கைக்கு இன்னும் வரன் அமையவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாங்கள் இருவரும் வேறு வேறு பக்கம் பார்க்கிறோம்.

மகளுக்கு மட்டும் அன்று நடந்ததில் வியப்பு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. ட்ரம் நின்றதும் காதிலிருந்து கையை எடுத்தாள். மேசைக்குப் போய் மீதமிருந்த கேக்கிலிருந்து முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்னத் தொடங்கினாள். தடுக்கப் போன நான், அவள் திரும்பிப் பார்த்ததும், போதும் என்று சொல்லும் முன்பே கையை இழுத்துக்கொண்டேன்.